ஜூனியர் டீம் ஏன் வருஷா வருஷம் கலைஞ்சு போகுது?

1.
பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள் தொடங்குற நேரம் இது. கணுக்கால் வீங்கின பிள்ளைங்க, முட்டி உரிஞ்ச பிள்ளைங்க, "ஃபிட்னஸ்ல ஒரு கையெழுத்து சார்" என்று கட்டுக் காகிதத்தோட வர்ற பி.டி. ஆசிரியர்கள், எல்லாரையும் ஒரே காலையில ஓ.பி.யில பாக்குற மாசம். அதனால இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளை வீட்டுல இருந்தா கட்டாயம் படிங்க.

முதல்லயே சொல்லிடறேன். நான் எம்.பி.பி.எஸ். மட்டும்தான். ஸ்போர்ட்ஸ் மெடிசின் நிபுணர் கிடையாது. ஆனா வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து அரசு மருத்துவமனைகள்ல வேலை பாத்ததுல, அரசுப் பள்ளி டீம்களை மைதானத்துல பாத்ததை விட கேஷுவாலிட்டியில அதிகமா பாத்திருக்கேன். அந்தப் பக்கத்துல இருந்து தெரியிறதை எழுதுறேன்.

2.
முதல்ல கணக்கு. நம்ம ஊர் பள்ளி விளையாட்டுல 14 வயசுக்கு உட்பட்டவங்க ஜூனியர், 17-க்கு உட்பட்டவங்க சீனியர், 19-க்கு உட்பட்டவங்க சூப்பர் சீனியர். ஆறாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை முதல் வருஷம் மைதானத்து ஓரத்துல பந்து பொறுக்கும், கோடு போடும். ஏழாம் வகுப்புல மாற்று ஆட்டக்காரர். எட்டாவதுலதான் உண்மையான ஆட்டம். ஒன்பதாவது வரும்போது பாதிப் பேருக்கு வயசு தாண்டிடும்.

கபடியில ஒரு டீமுக்கு 12 பேர். 7 பேர் களத்துல, 5 பேர் வெளியே. மேலே சொன்ன கணக்குல பாத்தா வருஷா வருஷம் பாதி டீம் காலி. எந்த ஷூ கம்பெனியாவது வருஷத்துக்கு ஒரு முறை பாதி டெய்லர்களை அனுப்பிட்டு அதே தரத்துல ஜோடி எண்ணிக்கை காட்ட முடியுமா? ஆனா பி.டி. டீச்சர் கிட்ட மட்டும் "போன வருஷம் செமி ஃபைனல் வந்தீங்களே, இந்த வருஷம் என்ன ஆச்சு?" என்று கேப்போம்.

உயர்நிலைப் பள்ளிக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு. பத்தாவதோட பள்ளி முடிஞ்சிடும். மேல்நிலைப் பள்ளியில 12-ஆம் வகுப்பு அக்கா ஒருத்தி மைதானத்துல நின்னு சின்னப் பிள்ளைக்குக் காலைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பா. இங்க அந்த அக்கா கிடையாது. ஒவ்வொரு ஜூன் மாசமும் அரிச்சுவடியில இருந்து ஆரம்பம்.

3.
அடுத்தது சீசன். ஜூன்ல பள்ளி திறக்குது. புத்தகம், சீருடை எல்லாம் முடிஞ்சு மைதானத்துக்கு வர ஜூன் கடைசி ஆயிடும். அதுக்குப் பிறகு சில வாரத்துலயே குறுவட்டம் வந்துடும். ஜெயிச்சா வருவாய் மாவட்டம், அதுக்கு அப்புறம் மாநிலம்.

தோத்தா? எல்லாமே நாக்-அவுட். ஜூனியர் கபடி ஆட்டம் 15 நிமிஷம், 5 நிமிஷம் இடைவேளை, மறுபடி 15 நிமிஷம். மொத்தம் 35 நிமிஷம். முதல் சுற்றுல தோத்த டீமுக்கு ஒரு வருஷ சீசன் அந்த 35 நிமிஷம்தான். அதுல வெளியே உக்காந்திருந்த 5 பிள்ளைங்களுக்கு அதுவும் கிடையாது.

ஒன்றரை மாசம் காலையில ஆறரைக்கு எழுந்து வந்த பிள்ளை, கடன் வாங்கின ஜெர்சியோட பெஞ்சுல உக்காந்துட்டு வீட்டுக்குப் போகுது. அடுத்த வருஷம் எதுக்கு வரணும்? டீம் கலையிறதுக்கு முதல் காரணமா நான் பாக்குறது இதைத்தான். திறமைக் குறைவு, ஆர்வக் குறைவு எல்லாம் அப்புறம். ஆடுறதுக்கு ஆட்டமே இல்ல.

4.
மூணாவது, மேல இருந்து வர்ற இழுப்பு. ஜூனியர்ல நல்லா ஆடுற பிள்ளையை சீனியர் டீம்ல ஆள் குறையுதுன்னு தூக்கிடுவாங்க. பள்ளிக்குக் கோப்பை வேணும், அந்த அவசரம் புரியுது. ஆனா 13 வயசுப் பிள்ளை 16 வயசு உடம்புகளோட மோதும்போது நடக்கறது ரெண்டுல ஒண்ணு. பெஞ்சுல உக்காரும், இல்லாட்டி என் கிட்ட வரும்.

யாரு "நல்லா ஆடுற பிள்ளை" என்கிறதிலயும் ஒரு கோளாறு இருக்கு. பெண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமா ஏறுறது சராசரியா 12 வயசு சுமாருக்கு. ஆண் பிள்ளைகளுக்கு 14 சுமாருக்கு. இது சராசரிதான். ஒரே வகுப்புல ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்துல இருக்கறவன் நாலாம் வகுப்பு மாதிரி இருப்பான். டிசம்பர்ல பிறந்த பிள்ளையும் அதே வருஷம் ஜனவரியில பிறந்த பிள்ளையும் ஒரே வயசுப் பிரிவு. நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி.

1980-கள்ல கனடாவுல ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களோட பிறந்த மாசத்தை எடுத்துப் பாத்தாங்க. வருஷத்து முதல் மாசங்கள்ல பிறந்தவங்கதான் கூட்டமா இருந்தாங்க. சின்ன வயசுல பெரிய உடம்புன்னு தேர்வாகி, நல்ல கோச்சிங் கிடைச்சு, அதனாலயே மேல போனவங்க. தாமதமா வளர்ற பிள்ளையை 12 வயசுல கழிச்சு விட்டா, 16 வயசுல அவன் எவ்வளவு நல்லா ஆடியிருப்பான்னு யாருக்கும் தெரியாமலே போயிடும்.

5.
அடுத்தது முட்டி. "சார், ஓடினா முட்டிக்குக் கீழ எலும்பு வலிக்குது, புடைச்சிருக்கு" என்று 12, 13 வயசுல வர்ற பிள்ளைங்க நிறைய. இதுக்கு ஆஸ்குட் ஷ்லாட்டர்னு பேர். முழங்கால் சில்லுக்குக் கீழ தசைநார் ஒட்டுற இடத்துல வளர்ற குருத்தெலும்பு இழுபடறதுனால வர்ற வலி. குதிகால்லயும் இதே மாதிரி ஒண்ணு வரும், அதுக்கு சீவர்ஸ். ரெண்டுமே பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானா சரியாகும். ஓட்டத்தையும் குதிக்கறதையும் கொஞ்ச நாள் குறைக்கணும், தொடைத் தசையை நீட்டுற பயிற்சி செய்யணும், ஐஸ் வைக்கணும். அவ்வளவுதான்.

ஆனா நடக்கறது என்ன? "சும்மா நடிக்காத" என்று ஓட விடுவாங்க. இல்லாட்டி பயந்து போய் "இனி விளையாட்டே வேண்டாம்" என்று வீட்டுல நிறுத்திடுவாங்க. ரெண்டு வழியிலயும் டீம்ல ஒரு ஆள் குறைவு.

கை மடங்கி விழுந்து முழங்கை வீங்கினா தயவு செஞ்சு முதல்ல எக்ஸ்-ரே. எண்ணெய் ஊத்தி மூங்கில் வெச்சு இறுக்கிக் கட்டுற இடத்துக்கு ஓடாதீங்க. பிள்ளைகளுக்கு முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சிருந்து, அதுல இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு கை விரல் மடங்கிப் போன நிலைமையிலயே நின்னுடலாம். விரல் நீலமானாலோ, மரத்துப் போனாலோ, விரலை நீட்டும்போது உயிர் போற மாதிரி வலிச்சாலோ அது அவசரம். அந்த நிமிஷமே கட்டைத் தளர்த்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. விடியட்டும்னு இருக்காதீங்க.

6.
சாப்பாடு. இதுலதான் ஜூனியர் டீமோட உயிர் இருக்கு.

ஆம்பூர்னு சொன்னா எல்லாரும் பிரியாணின்னு சொல்லுவாங்க. "ஜெயிச்சா பிரியாணிடா" என்கிற வாக்குறுதியில எத்தனையோ டீம் ஓடியிருக்கு. நல்லது, வாங்கிக் கொடுங்க. ஆனா காலையில ஆறரை மணி பிராக்டிஸுக்கு வந்த பிள்ளைங்க கிட்ட "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்க. டீ. ரெண்டு பொறை. பல பேர் அதுவும் இல்ல.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கிச்சு. 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாச்சு. ரொம்ப நல்ல திட்டம், டாக்டரா மனசாரச் சொல்றேன். ஆனா அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்னு வகுக்கப்பட்ட திட்டம். நம்ம ஜூனியர் டீம் ஆரம்பிக்கறது ஆறாம் வகுப்புல. போன வருஷம் வரைக்கும் காலையில பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்ட பிள்ளை, உடம்பு வேகமா வளர ஆரம்பிக்கற அதே வருஷத்துல காலை உணவை இழக்குது. நாமளும் அதே வருஷம்தான் விசில் ஊதி அதை ஓட விடுறோம்.

மதியம் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு, முட்டையும் உண்டு. ஆனா முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது, மறுநாள் மதியம் பன்னிரண்டரை வரைக்கும் தாங்கணும். நடுவுல ஒன்றரை மணி நேரம் கபடி. மூணாவது பீரியட்ல பிள்ளை தூங்குதுன்னா அது சோம்பேறித்தனம் கிடையாது.

7.
ரத்தம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21. இந்தியாவுல 15 முதல் 19 வயசுப் பெண் பிள்ளைகள்ல 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பசங்கள்ல 31.1 சதவீதம். பத்துப் பெண் பிள்ளைங்க நின்னா ஆறு பேருக்கு ரத்தம் குறைவு.

ஒரு பள்ளி டீமுக்கு ஹீமோகுளோபின் பாத்தப்போ பாதிப் பேருக்கு மேல 12-க்குக் கீழ. "ரெண்டு ரெய்டு போனா மூச்சு வாங்குது, இவளுக்கு ஸ்டாமினா இல்ல சார்" என்று டீச்சர் சொன்ன பிள்ளைக்குத்தான் எல்லாரையும் விடக் குறைவு. ரத்தத்துல ஆக்ஸிஜனைத் தூக்கிட்டுப் போக ஆளே இல்லாதப்போ ஸ்டாமினா எங்க இருந்து வரும்?

மருந்து பள்ளியிலயே இருக்கு. வாரம் ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை அல்பெண்டசோல். ரெண்டுமே இலவசம். ஆனா வாங்கின மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போறது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். வெறும் வயித்துல போட்டா குமட்டும், அதான் காரணம். சத்துணவு சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்க. மாத்திரையோட டீ வேண்டாம், இரும்புச் சத்து உடம்புல சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூட இருந்தா நல்லா சேரும். வாரம் ஒரு மாத்திரை வர்ற ரத்தசோகையைத் தடுக்கறதுக்கு. ஏற்கெனவே குறைஞ்சவங்களுக்கு தினமும் வேணும், அதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க.

8.
இப்போ இந்த இழையை எழுத வெச்ச விஷயத்துக்கு வர்றேன். எடை.

வயசுப் பிரிவு கபடியில எடை வரம்பு உண்டு. அதுக்கு மேல இருந்தா அந்தப் பிரிவுல ஆட முடியாது. சின்ன உடம்பை பெரிய உடம்பு நசுக்கக் கூடாதுன்னு வந்த நல்ல விதிதான்.

ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி. 13 வயசுப் பெண் பிள்ளையை அம்மா தூக்கிட்டு வந்தாங்க. கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டு நேரா நிக்க முடியல. நாக்கு காஞ்சு போயிருந்தது, நாடித் துடிப்பு 130-க்கு மேல. காலையில இருந்து சிறுநீர் போகல. வாந்தி பேதி எதுவும் இல்ல. மெதுவாப் பேசிப் பாத்தப்போ சொன்னா. மறுநாள் எடை பாக்குறாங்க, 800 கிராம் கூட இருக்கு. முந்தின மதியத்துல இருந்து சாப்பிடல. தண்ணி குடிக்கல. அண்ணனோட ரெயின் கோட்டைப் போட்டுக்கிட்டு மாடியில ஓடியிருக்கா.

யாரும் சொல்லித் தந்தாங்களான்னு கேட்டேன். யாரும் இல்லியாம். சீனியர் அக்காங்க அப்படித்தான் செய்வாங்களாம்.

சலைன் ஏறிட்டு இருக்கும்போது அவ கேட்டது: "சாப்பிடாம இருந்தா வளராம இருக்கலாமா சார்?"

அந்த வயசுல ஒரு பிள்ளை ஒரே வருஷத்துல 6 கிலோ, 8 கிலோ கூட ஏறும். அப்படித்தான் ஏறணும். ஜூன்ல வரம்புக்கு ரெண்டு கிலோ கம்மியா இருந்தவ ஆகஸ்ட்ல ஒட்டி நிக்கிறான்னா உடம்பு அதோட வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். மறுநாள் அவ போகல. டீம் அவ இல்லாமப் போச்சு, தோத்துட்டு வந்துச்சு. அந்தத் தோல்விக்கு வகுப்புல அவளைத்தான் காரணம் சொன்னாங்கன்னு ஒரு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தப்போ அம்மா சொன்னாங்க.

9.
இதைச் சின்ன விஷயமா எடுத்துக்காதீங்க. 1997-ல அமெரிக்காவுல எடை குறைக்கறதுக்காக தண்ணி குடிக்காம, வேர்வை உடையில பயிற்சி செஞ்ச மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஒரு மாசத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களுக்குள்ள இறந்து போனாங்க. அதுக்குப் பிறகுதான் அங்க ரப்பர் உடை, சூடான அறை எல்லாத்தையும் தடை செஞ்சு, எடை பாக்குற நேரத்தையும் ஆட்டத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்தாங்க. 2024 பாரிஸ்ல வினேஷ் போகத்துக்கு 100 கிராம் என்ன பண்ணிச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம். அவங்க கூட டாக்டர், டயட்டீஷியன்னு ஒரு குழுவே இருந்தது. நம்ம பிள்ளைக்கு ஒரு ரெயின் கோட்டும் மொட்டை மாடியும்தான்.

பி.டி. ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை. ஜூன் மாசமே எடை பாருங்க. வரம்புக்கு ஒட்டி நிக்கிற பிள்ளை ஆகஸ்ட்ல தாண்டத்தான் போகுதுன்னு வெச்சுக்கங்க. அந்தப் பிள்ளையை அப்பவே சீனியர் பிரிவுக்குத் தயார் பண்ணுங்க, அவசரமா தூக்கிப் போடாம ஒரு வருஷம் நேரம் எடுத்து. இல்லாட்டி எடை வரம்பு இல்லாத வாலிபால், கோ-கோ, தடகளம் இருக்கு. "ஒரு கிலோ குறைச்சிட்டு வா" என்கிற வார்த்தையை 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கிட்ட சொல்லாதீங்க. நீங்க விளையாட்டா சொல்லுவீங்க. அது தண்ணியை நிறுத்திடும்.

10.
தண்ணின்னதும் இன்னொண்ணு. இது வேலூர் வெயில். விளக்கம் தேவையில்ல. பாலாத்தங்கரை ஊர்கள்ல பல இடத்துல போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. தோல் கழிவு பத்தி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996-ல. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைங்களோட பிள்ளைங்க இப்போ பள்ளிக்கூடத்துல இருக்காங்க, வீட்டுல இன்னும் கேன் தண்ணிதான். குழாய்த் தண்ணி பிடிக்கலன்னு ஒரு பாட்டில் தண்ணியில நாள் முழுக்க ஓட்டுற பிள்ளைங்க நிறைய. டீமுக்கு ஒரு 20 லிட்டர் கேன் மைதானத்துல இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் குடிக்கணும்னு விதி வையுங்க. சிறுநீர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுங்க.

11.
வீடு. இந்த ஊர்ல ஷூ கம்பெனியில வேலை செய்யறவங்கள்ல பெண்கள்தான் அதிகம். கம்பெனி பஸ் விடியக் காலையில வந்துடும். அம்மா திரும்பி வர சாயங்காலம் ஆறோ ஏழோ. ஆர்டர் அவசரம்னா இன்னும் லேட். இன்னும் பல வீடுகள்ல அம்மாக்கள் வீட்டுலயே உக்காந்து ஷூவோட மேல்பாகத்தைக் கையால தைக்கிறாங்க, ஜோடிக்கு இவ்வளவுன்னு. இப்படிப்பட்ட வீட்டுல 12 வயசுப் பெண் பிள்ளைதான் சாயங்காலத்து அம்மா. தம்பியைக் கூட்டிட்டு வரணும், தண்ணி பிடிக்கணும், சோறு வைக்கணும். நாலரை மணி பிராக்டிஸுக்கு அவளை அனுப்புன்னா அந்த வீட்டு வேலையை யாரு செய்யறது?

ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க: "இன்னா சார் பண்றது, நானும் ஆடிக்கினு இருந்தவதான் ஸ்கூல்ல. அவ இருட்டுல தனியா வர்றதை நெனச்சா மிஷின்ல கையே ஓடல." அந்த அம்மா விளையாட்டுக்கு எதிரி கிடையாது. அவங்களுக்கு வேண்டியது பிராக்டிஸ் ஆறு மணிக்கு முன்னாடி முடியணும், ஒரே தெருப் பிள்ளைங்க சேர்ந்து வரணும். அவ்வளவுதான். பிராக்டிஸை சாயங்காலத்துல இருந்து காலைக்கும், மதிய விளையாட்டு பீரியடுக்கும் மாத்தினா பாதிப் பிரச்சினை தீரும். அந்த விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காம இருக்கணும். வாங்கின கடனை இதுவரைக்கும் எந்தக் கணக்கு வாத்தியாரும் திருப்பித் தந்ததா சரித்திரம் இல்ல.

உடை விஷயம். ஷார்ட்ஸ் போட மாட்டேன்னு நின்னுபோற பிள்ளைங்க எல்லா சமூகத்துலயும் இருக்காங்க. முழுக்கால் லெக்கின்ஸ், முழுக்கை டி-ஷர்ட், தேவைன்னா தலையை மூடுற துணி. கால்பந்துலயே 2014-ல தலைத்துணிக்கு அனுமதி வந்தாச்சு. பின் இல்லாம, கழுத்தைச் சுத்தாம இருந்தா போதும். மாதவிடாய் நாட்கள்ல ஆடக் கூடாதுன்னு மருத்துவத்துல எதுவும் இல்ல. வலி இருந்தா ஓய்வு, இல்லாட்டி ஆடலாம். பள்ளிக் கழிப்பறையில தண்ணியும் கதவுத் தாழ்ப்பாளும் இருக்கணும். ஏழாம் வகுப்புல டீம்ல இருந்து காணாமப் போற பிள்ளைகள்ல நிறையப் பேரை அந்தத் தாழ்ப்பாள்தான் நிறுத்தி வெச்சிருக்கு.

12.
"கபடி ஆடி என்ன ஆகப் போவுது?" நியாயமான கேள்வி. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, மாநில விளையாட்டு விடுதிகள் இருக்கு. இதெல்லாம் உண்மை. ஆனா உங்க பள்ளி டீம்ல இருக்கற 12 பேர்ல அநேகமா ஒருத்தர் கூட அங்க போக மாட்டாங்க. அதை நேர்மையா சொல்லிடணும்.

பின்ன எதுக்கு? எங்க பிரசவ வார்டுக்கு வந்தா தெரியும். 18 ஆகாத பிள்ளைங்க வர்றாங்க. ஒவ்வொரு முறையும் போலீஸுக்குத் தகவல் சொல்லணும், எழுதணும். கேட்டுப் பாத்தா கதை ஒரே மாதிரி இருக்கும். எட்டாவதுலயோ ஒன்பதாவதுலயோ பள்ளிக்கு வர்றது குறைஞ்சது. ஒரு மாசம் வரல. யாரும் வந்து கேக்கல. அப்புறம் நின்னுட்டா.

ஜூனியர் டீம்ல இருக்கற பிள்ளை ரெண்டு நாள் வரலன்னா பி.டி. டீச்சருக்குத் தெரிஞ்சிடும். ஏன்னா ஏழு பேர் தேறாது. பக்கத்துத் தெரு பிள்ளையை அனுப்பி, "ஏன் வரல, என்ன ஆச்சு?" என்று கேப்பாங்க. பெரிய திட்டம் எதுவும் இல்லாம, ஒரு பைசா செலவில்லாம, ஒரு பிள்ளையைக் கண்காணிக்கிற ஏற்பாடு அது. கோப்பை வருதோ இல்லையோ, டீம்ல இருக்கற வரைக்கும் அவ எங்க இருக்கான்னு ஒருத்தருக்காவது தெரியும். நான் ஜூனியர் டீமுக்காக இவ்வளவு எழுதறதுக்கு இதுதான் காரணம்.

13.
முடியுமான்னு கேட்டா, பக்கத்துலயே உதாரணம் இருக்கு. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவுலயும் 2018 கோல்டு கோஸ்ட்லயும் 77 கிலோ பிரிவுல காமன்வெல்த் தங்கம் வாங்கினார். அவரோட அப்பாவே பளு தூக்கினவர். முன்னாடி தூக்கினவர் ஒருத்தர் வீட்டுலயே இருந்தார்.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல கபடித் தங்கம் வாங்கின இந்திய அணியில சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாங்க. கண்ணகி நகர் எப்படிப்பட்ட மறுகுடியமர்வுப் பகுதின்னு தெரியும். அங்க பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க ஆட ஒரு இடமும், விடாம நிக்கிற பயிற்சியாளரும், கூட ஆட அக்காக்களும் இருந்தாங்க.

ரெண்டு ஊர்லயும் பொதுவா இருந்தது ஒண்ணு. ஒவ்வொரு ஜூன்லயும் அவங்க புதுசா ஆரம்பிக்கல.

14.
சரி, என்ன செய்யலாம்? பெரிய பணம் தேவைப்படாததை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு: பக்கத்துப் பக்கத்துல இருக்கற நாலு பள்ளிகள் சேர்ந்து சனிக்கிழமை காலையில தங்களுக்குள்ள ஆடுங்க. ஆளுக்கு ஒரு தடவை மோதினாலே ஒவ்வொரு டீமுக்கும் 3 ஆட்டம். ரெண்டு சுற்று வெச்சா 6. கோப்பை வேண்டாம். எல்லா 12 பேரும் களத்துல இறங்கியே ஆகணும்னு ஒரு விதி மட்டும் போதும்.

ரெண்டு: 12 பேரை மட்டும் வெச்சுக்காம 18 பேரை வெச்சுக்கங்க, அதுல 6 பேர் ஆறாம் வகுப்பு. அடுத்த வருஷ டீம் இந்த வருஷமே மைதானத்துல இருக்கும்.

மூணு: பத்தாவது முடிச்சுப் போன பழைய ஆட்டக்காரப் பிள்ளைகளை மாசம் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்க. உயர்நிலைப் பள்ளிக்கு அக்கா அப்படித்தான் கிடைப்பா.

நாலு: பயிற்சி முடிஞ்சதும் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம். முட்டை 7 ரூபா, பழம் 5 ரூபான்னு வெச்சா ஒருத்தருக்கு 12. 18 பேருக்கு 216. பயிற்சி 40 நாள்னா 8,640 ரூபா. நம்ம ஊர்ல தைச்சு கப்பல் ஏறுற ஒரு ஜோடி நல்ல தோல் ஷூவுக்கு வெளிநாட்டுக் கடையில போடுற விலைக்குப் பக்கத்துல வரும். முன்னாள் மாணவர்கள், ஜமாத், கோயில் கமிட்டி, சர்ச், கம்பெனி முதலாளிகள், யாரு வேணும்னாலும் ஒரு டீமை ஏத்துக்கலாம். ஜெர்சியில பேர் போட்டுத் தர்றதை விட இது உசத்தி.

அஞ்சு: ஆட்டத்துக்கு முன்னாடி 15, 20 நிமிஷம் முறையான வார்ம்-அப். குதிச்சு முட்டி மடக்கி இறங்குறது, ஒத்தைக் காலில நிக்கிறது, தொடைப் பயிற்சி. கால்பந்துக்காக உருவாக்கின இந்த மாதிரி வார்ம்-அப்புகள் காயத்தைச் சுமார் மூணுல ஒரு பங்கு குறைக்குதுன்னு ஆய்வுகள் சொல்லுது. செலவு பூஜ்யம்.

ஆறு: வாரத்துக்குப் பயிற்சி நேரம் பிள்ளையோட வயசைத் தாண்ட வேண்டாம். 12 வயசுன்னா 12 மணி நேரம் அதிகபட்சம். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. தலையில அடிபட்டு மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, முழிச்சுக்கிட்டே உளறினாலோ அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. ஆஸ்பத்திரிக்கு வாங்க.

ஏழு: சக டாக்டர்களுக்கு. ஃபிட்னஸ் படிவத்துல கையெழுத்து போடும்போது ரெண்டு நிமிஷம் எடுத்து இமையை விலக்கிப் பாருங்க, ஸ்டெத் வெச்சு இதயத்தைக் கேளுங்க. ஓடும்போது மயங்கினதுண்டா, வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்ததுண்டான்னு கேளுங்க. முர்முர் கேட்டா எக்கோவுக்கு அனுப்புங்க. பள்ளிச் சிறார் பரிசோதனைக் குழு வர்ற நாள்ல டீம் பிள்ளைங்க எல்லாரும் பள்ளியில இருக்கணும்னு பி.டி. ஆசிரியர்கள் பாத்துக்கங்க. மாவட்டப் போட்டிக்குப் போனதால பரிசோதனையைத் தவற விடறது இவங்கதான்.

15.
கடைசியா பெற்றோருக்கு. உங்க பிள்ளை ஜூனியர் டீம்ல இருந்தா, தோத்துட்டு வந்த அன்னைக்கு "நீ ஆடினியா?" என்று கேளுங்க. பெஞ்சுல உக்காந்திருந்தேன்னு சொன்னா டீச்சரைப் போய்ப் பாருங்க, சண்டைக்கு இல்ல, அடுத்த சனிக்கிழமை எப்போ ஆட்டம்னு கேக்கறதுக்கு. அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை நடத்தணும்கிற எண்ணமே பல பள்ளிகள்ல யாராவது ஒரு அம்மா அப்பா கேட்ட பிறகுதான் வரும்.

எந்தப் பிள்ளையாவது ஒரு வாரத்துக்கு மேல பள்ளிக்கு வரலன்னு தெரிஞ்சா, கல்யாணப் பேச்சு காதுல விழுந்தா, 1098-க்குப் போன் பண்ணுங்க. பேர் சொல்லத் தேவையில்ல.

தெரிஞ்ச பி.டி. ஆசிரியர் யாராவது இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் போடறேன்.